வைரவன் மாஸ்டர் கேட்ட நீல டிக்

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்தெட்டு. குருவுக்குத் தாடி கிடையாது, காவி கிடையாது, உட்கார மரத்தடியும் கிடையாது. புதுக்கோட்டையில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு செல்போன் கடையின் மாடியில், கடகடவென்று மின்விசிறி சுற்றும் ஓர் அறைதான் ஆசிரமம். வாசலில் 'இணைய வியாபாரப் பயிற்சி' என்று ஒரு பலகை. குருவின் பெயர் ஜெசிந்தா.

சீடர் வைரவன். கல்யாணச் சமையல் எடுத்துச் செய்பவர். அவர் வைக்கும் ரசத்துக்காகவே பந்தியில் இரண்டாவது தடவை உட்கார்ந்து மாட்டிக்கொண்டவர்கள் அந்த வட்டாரத்தில் உண்டு. சமையல்காரரை மாஸ்டர் என்று கூப்பிடுவது ஊர் வழக்கம். அதனால் குருவும் சீடரை மாஸ்டர் என்றே கூப்பிட்டார். சீடர் குருவை டீச்சர் என்றார். இதில் யார் யாருக்குப் பாடம் சொல்கிறார்கள் என்று புதிதாகப் படியேறி வருகிறவர்களுக்குக் கொஞ்ச நேரம் பிடிபடாது.

அன்றைக்கு வைரவன் படியேறிய சத்தத்திலேயே கோபம் கேட்டது.

"இல்லேன்னுட்டாங்க டீச்சர்."

ஜெசிந்தா போனை வாங்கிப் பார்த்தார். உங்கள் கணக்கைச் சரிபார்க்க இயலவில்லை, மன்னிக்கவும் என்று இணையக் கம்பெனி மிக மரியாதையாக எழுதியிருந்தது. ஏன் என்று மட்டும் எழுதவில்லை.

"ஜிஎஸ்டி குடுத்தேன். ஆதார் குடுத்தேன். உணவு லைசென்ஸ் குடுத்தேன். இன்னும் என்னதான் வேணுமாம் அவனுங்களுக்கு?"

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. 'வைரவன் சமையல்' என்று அவர் இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருந்தார். அதே பெயரில் இன்னொருவனும் ஒரு பக்கம் வைத்திருந்தான். யார், எந்த ஊர் என்று ஒருவருக்கும் தெரியாது. அவன் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கல்யாண வீட்டுக்காரர்கள் போன் செய்வார்கள். அவன் இனிக்க இனிக்கப் பேசி அச்சாரம் வாங்குவான். பிறகு போனை அணைத்துவிடுவான். முப்பது வருஷமாக அடுப்பு வெக்கையில் நின்று சம்பாதித்த பெயரை எவனோ ஒருவன் குளுகுளு அறையில் உட்கார்ந்து விற்றுக்கொண்டிருந்தான்.

சரிபார்த்த பிறகு பெயருக்குப் பக்கத்தில் கம்பெனி போடும் நீல டிக் வந்துவிட்டால் போதும், எது அசல் எது போலி என்று உலகத்துக்கே தெரிந்துவிடும். அதற்காகத்தான் அவர் ஜெசிந்தாவிடம் சேர்ந்தார்.

"டீச்சர், ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நான்தான் நான்னு நான் எப்படி நிரூபிக்கிறது?"

பெரிய பெரிய சாமியார்களைத் தடுமாற வைக்கும் கேள்வி. ஜெசிந்தா தடுமாறவில்லை. கம்ப்யூட்டரில் இரண்டு பக்கங்களையும் அருகருகே திறந்தார். பெயர் வரும் இடத்தை இரண்டு உள்ளங்கைகளாலும் மறைத்துக்கொண்டார்.

"இதுல நீங்க யாரு மாஸ்டர்?"

இடது பக்கம் மயில் மேல் முருகன் சிரித்துக்கொண்டிருந்தார். வலது பக்கம், பெரிய அண்டாவிலிருந்து சாதத்தை அள்ளித் தூக்கியபடி, நெற்றி வியர்க்க, முறுக்கிய மீசையோடு வைரவனே நின்றுகொண்டிருந்தார். படத்தின் ஓரத்தில் ஒரு நீல டிக்கும் இருந்தது.

வைரவன் வலது பக்கத்தைக் காட்டினார். "இதுதான். இதிலென்ன சந்தேகம்?"

ஜெசிந்தா கைகளை எடுத்தார். வலது பக்கம் போலிக்காரனுடையது.

"டிக் இருக்கே டீச்சர்!"

"படத்து மேல ஒட்டியிருக்கான். பெருசு பண்ணிப் பாருங்க."

பெரிதாக்கிப் பார்த்தார். பிசிறு பிசிறாக ஒட்டியிருந்தது. ஏதோ ஒரு கல்யாணத்தில் யாரோ எடுத்த தன் படத்தை, தன்னையே ஏமாற்றும் அளவுக்கு ஒருவன் வைத்திருக்கிறான். வைரவனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"என் பக்கத்துல சாமி படம் இருக்குறது தப்பா?"

"தப்பில்ல. ஆனா டிக் யாருக்குக் கேக்குறீங்க? முருகனுக்கா?"

வைரவன் மீசையைத் தடவிக்கொண்டார். அவர் முகத்தைப் போடாததற்கு ஒரு காரணம் இருந்தது. கல்யாணத்தில் சோறு போடுகிற பெருமை வீட்டுக்காரருடையது. சமைத்தவன் பந்திக்கு முன்னால் வந்து மீசையைக் காட்டிக்கொண்டு நிற்கக்கூடாது. மண்டபத்தில் தன் பெயரைப் பலகை போட்டு வைக்கக்கூடாது. அவர் தொழில் கற்றுக்கொண்ட இடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவர் சமைத்த கல்யாணங்கள் எத்தனையோ. அதில் அவர் முகத்தைப் பார்த்தவர்கள் வெகு சிலர்தான்.

"சரி, என் படத்தைப் போட்டுடறேன். அது போதுமா?"

"போட்டுப் பாருங்க."

முருகனிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, சட்டையை மாற்றிப் படம் எடுத்துப் போட்டார் வைரவன். பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாம் லைசென்சில் உள்ளபடி பொருந்துகிறதா என்று ஜெசிந்தா ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். மறுபடி விண்ணப்பம் போனது.

அடுத்த வாரம் திங்கட்கிழமை வைரவன் மறுபடி படியேறி வந்தார். இந்தத் தடவை சத்தமே இல்லை. கோபம் தாண்டி மனசு சோர்ந்து போயிருந்தது.

"திரும்பவும் இல்லேன்னுட்டாங்க."

"தண்ணி குடிங்க மாஸ்டர்."

"எனக்குத் தண்ணி வேணாம், டிக்குதான் வேணும். இது விளையாட்டு இல்ல டீச்சர். இன்னைக்குக் காலைல ஒருத்தர் என் வாசலுக்கே வந்துட்டாரு."

"யாரு?"

வந்தவர் பெயர் திருமேனி. பஸ் கண்டக்டர். திருமயம் பக்கம் ஒரு கிராமம். வருகிற வெள்ளிக்கிழமை அவர் மகளுக்குக் கல்யாணம். 'வைரவன் சமையல்' பக்கத்தைப் பார்த்துப் போனில் பேசி, மூன்று வேளைக்கும் என்னென்ன என்று முடிவு செய்து, அச்சாரப் பணத்தையும் போனிலேயே அனுப்பியிருக்கிறார். இரண்டு நாளாக அந்த நம்பர் எடுக்கவில்லை. தெரிந்த டிரைவர்களை எல்லாம் விசாரித்து, விசாரித்து, விலாசம் கண்டுபிடித்து யூனிபார்மோடு வந்து நின்றிருக்கிறார்.

"வந்து என்ன கேட்டாரு?"

"வைரவன் மாஸ்டர் நீங்கதானான்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

வைரவன் மின்விசிறியைப் பார்த்தார்.

"முதல்ல விஷயம் என்னன்னு கேட்டேன். சொன்னாரு. அவன் வாங்கின பணத்தை என்கிட்ட கேப்பாரோன்னு பயந்துட்டேன். நீங்க தேடுற வைரவன் நான் இல்லைங்க, அது வேற ஆளு, போலீசுக்குப் போங்கன்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திட்டேன்."

வைரவனே தொடர்ந்தார். குரல் கொஞ்சம் உயர்ந்தது.

"நான் என்ன டீச்சர் பண்றது? எங்க தொழில்ல ஒரு முறை இருக்கு. கல்யாண வீட்டுக்காரர் வெத்தலை பாக்குல வச்சு அச்சாரம் குடுக்கணும். நான் துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு ரெண்டு கையாலயும் வாங்கணும். வாங்கிட்டா இடி விழுந்தாலும் அந்தக் கல்யாணம் என்னுது. வாங்கலேன்னா அது என்னுது இல்ல. இவரு கைலேருந்து நான் வெத்தலை வாங்கல."

"வெள்ளிக்கிழமை உங்களுக்கு எங்க கல்யாணம்?"

"எங்கயும் இல்ல. நல்ல முகூர்த்த நாளு, சும்மாதான் கெடக்குறேன். வரவேண்டியதையெல்லாம் அவன்தானே புடிச்சுக்கிட்டான்!"

ஜெசிந்தா தலையை ஆட்டினார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. வைரவனுக்கு அந்த மௌனம் பிடிக்கவில்லை.

"நீங்க என்ன நெனைக்கிறீங்கன்னு எனக்குப் புரியுது. போய்ச் சமைச்சுக் குடுங்கங்கறீங்க. இன்னைக்கு ஒருத்தருக்குச் செஞ்சா, நாளைக்கு அவன்கிட்ட ஏமாந்தவன் அத்தனை பேரும் என் வாசல்ல வந்து நிப்பான். அவன் வாங்கித் தின்னதுக்கெல்லாம் நான் பொங்கிப் போடணுமா? எனக்கு டிக் வாங்கித் தர்றேன்னுதானே வகுப்பு எடுக்குறீங்க? தர்மம் பண்ணவா சொல்லித் தர்றீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலையே மாஸ்டர்."

"அதான் சொல்லாம சொல்றீங்களே!"

ஜெசிந்தா அவருடைய போனை எடுத்து விண்ணப்பத்தைத் திறந்தார். முதல் கேள்வியில் விரலை வைத்தார்.

"இதுல என்ன கேட்டிருக்காங்க?"

"இந்த வியாபாரம் உங்களுடையதானான்னு."

"என்ன பதில் போட்டோம்?"

"ஆமான்னு."

"காலைல உங்க வாசல்ல நின்னவரும் இதையேதான் கேட்டிருக்காரு. அவருக்கு இல்லேன்னு சொல்லியிருக்கீங்க. ரெண்டுல எந்தப் பதிலை நான் அனுப்பட்டும்?"

வைரவன் போனைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் படியிறங்கிப் போய்விட்டார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவர் குருவைத் திட்டிக்கொண்டே போனார். பாதி உரக்க, பாதி மனதுக்குள். அடுப்பு பற்ற வைக்கத் தெரியுமா அந்தப் பெண்ணுக்கு, முந்நூறு பேருக்குச் சாம்பார் வைத்தால்தானே தெரியும் என்றார். இடையில் ஒரு தடவை வண்டியை நிறுத்திவிட்டு, வெயிலில் சும்மா நின்றார். யூனிபார்மோடு வந்து நின்ற அந்த மனுஷரின் முகம் அவருக்குத் திட்டுவதற்கு இடம் கொடுக்கவில்லை. கதவைச் சாத்திய பிறகும் திருமேனி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தார். வைரவன் உள்ளேயிருந்து ஜன்னல் வழியாக அதைப் பார்த்தார். அதை அவர் ஜெசிந்தாவிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை வைரவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திருமயம் பஸ் ஏறினார்.

திருமேனி வீட்டு முன்னால் பந்தல் கால் நட்டிருந்தது. வாழைமரம் இன்னும் வரவில்லை. வீட்டுக்குள் கல்யாணக் களை இருக்க வேண்டிய இடத்தில் கிசுகிசுப்பு இருந்தது. திருமேனியின் அக்கா அங்கம்மாள் வாசலிலேயே வழிமறித்தார். பேச்சில் யாருக்கும் விட்டுக்கொடுக்காத மனுஷி.

"யாரு நீங்க?"

"வைரவன். சமையல் வைரவன்."

"நேத்து எங்க தம்பிக்கிட்ட அது நான் இல்லேன்னீங்களாமே?"

"நேத்து சொன்னேன்."

"இன்னைக்கு ஆளு மாறிட்டீங்களாக்கும்?"

திருமேனி உள்ளேயிருந்து ஓடிவந்தார். அக்காவை அடக்கப் பார்த்தார். அங்கம்மாள் அடங்குகிற ஆள் இல்லை.

"நீ பேசாம இருடா. போன மாசம் இதே பேரைச் சொல்லித்தான் ஒருத்தன் உன் தலையில மொளகா அரைச்சான். இவரும் அதே பேரைச் சொல்றாரு. இவருதான் அசலுன்னு நமக்கு எப்படித் தெரியும்? ஏங்க, நீங்கதான் அந்த வைரவன்னு எதை வச்சு நாங்க நம்புறது?"

வைரவனின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. போனை எடுத்தார். பக்கத்தைத் திறந்தார். அதில் அவர் முகம் இருந்தது. டிக் இல்லை. இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்து, கம்பெனிக்காரன் கேட்ட அதே கேள்விக்கு முன்னால் நிற்கிறோமே என்று நினைத்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனைத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

"மண்டபத்துல சமையலுக்கு எந்தத் தண்ணி?"

"போர் தண்ணி. இங்க குழாயில வர்றதும் அதேதான்."

"ஒரு சொம்பு குடுங்க."

தாகம் என்று நினைத்து அங்கம்மாள் கொண்டுவந்து கொடுத்தார். வைரவன் அண்ணாந்து குடிக்கவில்லை. ஒரு வாய் எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு நாக்கில் புரட்டினார். விழுங்கினார். இன்னொரு வாய் எடுத்தார். புது ஊருக்குப் போனால் அடுப்புக்குக் கல் கூட்டும் முன்னால் அவர் செய்கிற முதல் வேலை அதுதான். அதைச் செய்யாமல் அவர் எந்தக் கல்யாணத்தையும் ஒப்புக்கொண்டதில்லை.

"சவர். இதுல துவரம்பருப்பைப் போட்டீங்கன்னா மாப்பிள்ளை தாலி கட்டி முடிச்சாலும் வேகாது. பருப்புக்கும் பாயசத்துக்கும் மட்டும் நல்ல தண்ணி வண்டியில வரணும். மத்ததுக்கெல்லாம் இது போதும். ரசத்துக்கு இதுதான் எடுப்பா இருக்கும், புளியை மட்டும் நான் பார்த்துக்குறேன். சாதத்துக்கு உப்பு போடவே கூடாது. போன கல்யாணத்துல இங்க சாம்பார் திப்பிதிப்பியா இருந்திருக்குமே?"

அங்கம்மாள் தம்பியைப் பார்த்தார். தம்பி அக்காவைப் பார்த்தார்.

"எங்க மச்சான் வீட்டுக் கல்யாணம்" என்றார் திருமேனி மெதுவாக. "பருப்பு தனியா, தண்ணி தனியா நின்னுச்சு. ஊரே பேசுச்சு."

"அந்தத் திருட்டுப் பய போன்ல எத்தனை தடவை பேசினான்!" என்றார் அங்கம்மாள். "அப்பளத்தைப் பத்திப் பேசினான், ஐஸ்கிரீமைப் பத்திப் பேசினான். தண்ணியைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டானா?"

வைரவன் சொம்பைக் கீழே வைத்தார்.

"பேச்சை முதல்லயே தெளிவாச் சொல்லிடறேன். அவனுக்கு நீங்க குடுத்தது உங்க நட்டம். அதை என் தலையில கட்டாதீங்க. என் கூலியை நான் முழுசா வாங்குவேன். ஆனா அடுப்பு என்னுது. வெள்ளிக்கிழமை உங்க வீட்டுல யாரும் பசியோட எந்திரிக்க மாட்டாங்க. அச்சாரம் வேணாம். வெறும் வெத்தலை பாக்கு மட்டும் வைங்க."

திருமேனிக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கம்மாள் உள்ளே போய்த் தட்டோடு வந்தார். வைரவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டி வாங்கினார்.

வெள்ளிக்கிழமை கல்யாணம் நடந்தது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாப்பாடு நன்றாக இருந்த கல்யாணத்தில் யாரும் அதிகம் பேச மாட்டார்கள். பருப்பு மலர்ந்திருந்தது. ரசத்தை இலையில் விடச் சொல்லாமல் கையில் வாங்கிக் குடித்தார்கள். வழக்கம்போல வைரவன் பின்கட்டில் கரண்டியோடு நின்றிருந்தார்.

கடைசிப் பந்தி முடிந்ததும்தான் வம்பு வந்தது. திருமேனி பின்கட்டுக்கு வந்து அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

"வாங்க மாஸ்டர், மேடைக்கு."

"அதெல்லாம் எங்க முறை இல்லைங்க. நான் முன்னாடி வரமாட்டேன்."

"நான் அச்சாரம் வைக்காத அடுப்பை நீங்க ஒத்துக்கிட்டீங்க. அது மட்டும் உங்க முறையா?"

வைரவனை வியர்வையும் கரியுமாக மேடையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். திருமேனி மைக்கைப் பிடித்தார். பஸ்ஸில் பேசிப் பழகிய குரல், மைக் இல்லாமலே மண்டபத்துக்குப் போதும்.

"என்கிட்ட அச்சாரம் வாங்கினவனும் வைரவன்னுதான் சொன்னான். என் மக கல்யாணத்துக்கு உலை வச்சவரு இந்த வைரவன். முகத்தை நல்லாப் பார்த்து வச்சுக்கங்க!"

அத்தனை போன்களும் ஒரே நேரத்தில் உயர்ந்தன. வைரவனுக்குக் கரண்டியை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

அந்தப் பேச்சு மாலைக்குள் ஜில்லா முழுக்கச் சுற்றியது. உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் திருமேனியிடமும் வைரவனிடமும் பேசிப் படத்தோடு செய்தி போட்டார். சாப்பிட்டுப் போனவர்கள் தங்கள் பக்கங்களில் அவரைப் பற்றி எழுதினார்கள். அவர் பயந்ததும் நடந்தது. போலியிடம் ஏமாந்த இன்னும் சில வீட்டுக்காரர்கள் அவர் வாசலுக்கு வந்தார்கள். கதவு திறந்திருந்தது. தேதி ஒத்துவந்தவர்களுக்கு அவரே தண்ணீர் குடித்துப் பார்த்து வெற்றிலை வாங்கினார். ஒத்துவராதவர்களுக்குத் தெரிந்த நல்ல கைகளைச் சொல்லி அனுப்பினார். எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்ச் சைபர் கிரைமில் புகார் கொடுத்தார். ஜெசிந்தா சொல்லிக்கொடுத்தபடி எல்லோரும் சேர்ந்து கம்பெனிக்கும் எழுதினார்கள். ஒருநாள் அந்தப் போலிப் பக்கம் இருந்த இடம் தெரியாமல் போனது.

மூன்றாவது விண்ணப்பத்தை வைரவன் தானே போட்டார். போட்டதை மறந்தும் போனார். முகூர்த்த மாதம், அடுப்புக்கும் அடுப்புக்கும் ஓடவே நேரம் சரியாக இருந்தது. ஒரு மத்தியானம் அண்டா கழுவிக்கொண்டிருந்தபோது போன் சிணுங்கியது.

அவர் ஜெசிந்தாவின் மாடிக்கு வந்தபோது ஒரு கையில் தட்டு இருந்தது. வெற்றிலை, பாக்கு, பழம். இன்னொரு கையில் தூக்குச்சட்டி, அதில் ரசம். வகுப்பில் இருந்த அழகு நிலையப் பெண்ணும் ஜவுளிக்கடைக்காரரும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

"டீச்சர், வந்துருச்சு!"

போனை நீட்டினார். அவருடைய முகம். பக்கத்தில் பெயர். பெயருக்குப் பக்கத்தில் நீல டிக், ஒட்டியதல்ல.

"அழகா இருக்கு மாஸ்டர்" என்றார் ஜெசிந்தா. உண்மையாகவே மகிழ்ந்து சொன்னார். தட்டை வாங்கி மேஜையில் வைத்தார். தூக்குச்சட்டியைத் திறந்து வாசனை பிடித்தார்.

வைரவன் உட்கார்ந்தார். போனை ஒரு தடவை பார்த்தார். மறுபடியும் பார்த்தார். ஏதோ கேட்க வந்து தயங்கினார்.

"கேளுங்க."

"ரெண்டு தடவை இல்லேன்னாங்க. இப்பவும் அதே ஜிஎஸ்டி, அதே ஆதார், அதே ஆளு. இப்ப மட்டும் நான்தான் நான்னு எப்படி நம்பினாங்க? அது எனக்கு இன்னும் விளங்கல டீச்சர்."

ஜெசிந்தா தம்ளரில் ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

"திருமேனி அச்சாரம் குடுத்தது யாருக்கு?"

"அந்தத் திருட்டுப் பயலுக்கு."

"பேசினது யாருகிட்ட?"

"அவன்கிட்டதான்."

"அவன் போனை அணைச்சதும் தேடிக்கிட்டு வந்து நின்னது யார் வாசல்ல?"

வைரவன் போனை மேஜையில் வைத்தார். மின்விசிறி கடகடவென்று சுற்றியது.

ஜெசிந்தா ரசத்தை ஒரு வாய் குடித்தார்.

"உங்க டிக் அன்னைக்கே வந்துருச்சு மாஸ்டர். யூனிபார்ம் போட்டுக்கிட்டு வந்துச்சு. நீங்கதான் கதவைச் சாத்திட்டீங்க."